மணல் நிறத்தில் ஒரு குடும்பம்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், சனிக்கிழமை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குடும்பப் படம் எடுத்துத் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு நிலையம், அன்று ஒரே பகலில், என் அக்காவுக்கு எங்கள் ஐவரையும் அந்நியர் ஆக்கியது. அந்நிலையத்தின்மீது எனக்கு வேறு பகை கிடையாது. அதன் நாற்காலிகள் உறுதியாக இருந்தன. குடிநீர் குளிர்ச்சியாக இருந்தது.

அக்கா தன் வேலைக்காலம் முழுவதும் ஒரு சலவைக் கடையின் முகப்பில் நின்றவள். வருகிறவர்களின் பெயரை அவள் கேட்டதில்லை. முகத்தையும் பெரிதாகப் பார்த்ததில்லை. துணியைப் பார்ப்பாள். "சாம்பல் கோட்டு வந்திருக்காரு. கைப்பொத்தான் ஆடுது, வீட்ல யாருக்கோ உடம்பு சரியில்ல போல" என்று கடைக்குள் குரல் கொடுப்பாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். அவளுக்கு ஊர் என்பது கோட்டுகளும் சட்டைகளும் போர்வைகளும் நடமாடும் இடம். அவற்றுக்குள் மனிதர்கள் இருப்பது கூடுதல் செய்தி.

இப்போது அவளுக்கு நினைவு தப்புகிறது. முதலில் பெயர்கள் போயின, பிறகு முறைகள், பிறகு முகங்கள். துணி மட்டும் போகவில்லை; துணியைக் கண்டால் முறையும் திரும்பிவரும். பழுப்புக் கட்டம் போட்ட என் கோட்டைக் கண்டால் "வாடா தம்பி" என்பாள். அதைக் கழற்றிவிட்டு அவள் அறைக்குள் சென்றால், "யாருங்க, என்ன வேணும்?" என்பாள். பேருந்து ஓட்டும் என் தம்பி அவளுக்குச் சிவப்பு ஸ்வெட்டர். என் மனைவி பச்சைச் சால்வை. மகள் மஞ்சள் சட்டை. பல் கட்டும் தொழில் செய்யும் மருமகன், கழுத்துவரை ஜிப் இழுத்த நீல ஜாக்கெட். ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு தானாகவே அமைந்தது: அக்காவின் கதவைத் தட்டுமுன் அவரவர் உடைக்குள் அவரவர் புகுந்துகொள்வோம். கோடை நடுப்பகலில் ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டு, "அக்காவுக்காக நான் வேகவெச்ச கிழங்கு ஆயிட்டேன் அண்ணே" என்பான் தம்பி. ஆயினும் கழற்ற மாட்டான்.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை அக்காவைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தது. இரவில் அடுப்பைத் திறந்துவிட்டுத் தெருவில் நடக்கத் தொடங்கியவளை இனி வீட்டில் காக்க எங்களால் இயலவில்லை. இல்லத்துச் செவிலி ஒன்றே ஒன்று கேட்டார்: "கட்டிலுக்கு எதிரா மாட்டற மாதிரி ஒரு பெரிய படம் கொண்டாங்க. நீங்க எல்லாரும் அதுல இருக்கணும். காலைல முழிச்சதும் தெரிஞ்ச ஆளுங்க கண்ணுல பட்டா பாதி பயம் போயிடும்."

கைப்பேசியில் எடுத்தால் எடுப்பவர் படத்தில் இருக்க மாட்டார். அதுவே எங்கள் வீட்டு வழக்கமான சண்டை. ஆகவே மகள் அந்த நிலையத்தில் இடம் பதிவு செய்தாள். அன்றைய நாளை விட்டால் அடுத்த இடம் மழைக்காலத்திற்குப் பிறகுதான் என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் ஆறு பேரும் அவரவர் உடையில் போய் இறங்கினோம். வாசலில், 'நல்லிணக்கத்திற்கு வரவேற்க்கிறோம்' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அதில் ஒரு மெய்யெழுத்து மிகுதி. அதைத் தவிர வேறு மெய் எதையும் அங்கே நான் பிறகு காணவில்லை.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் எங்களை ஒரு வெள்ளை விளக்கின்கீழ் வரிசையாக நிற்கவைத்தார். பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நீங்க எல்லாரும் ஒரே குடும்பமா?"

"ஆமாம்" என்றேன்.

"பாத்தா அப்படித் தெரியலயே சார். பஸ் ஸ்டாண்டுல நிக்கற மாதிரி இருக்கு."

"அம்மா, நான் பஸ் ஸ்டாண்டுலதான் பொழப்ப ஓட்டறேன்" என்றான் தம்பி. "அங்க வர்றவங்களும் ஏதாவது ஒரு குடும்பம்தான்."

அப்பெண் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே தனி அறை இருப்பதைப் பிறகு அறிந்தோம்.

காத்திருப்புக் கூடத்தில், உச்சி முதல் உள்ளங்கால்வரை சாம்பல் நிறம் உடுத்திய ஒரு குடும்பம் காலையிலிருந்தே அமர்ந்திருந்தது. அவர்களுடைய பெரியப்பாவுக்குச் சிரித்தால் காது சிவக்குமாம். சாம்பல் திட்டத்தில் சிவப்புக்கு இடமில்லை. ஆகவே அவர் காது வெளுக்கும்வரை படம் எடுப்பதை நிறுத்திவைத்திருந்தார்கள். "யாரும் பெரியப்பாவப் பாக்காதீங்க, சிரிச்சிடப் போறாரு" என்று ஓர் அம்மாள் அதட்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா சுவரைப் பார்த்து அமர்ந்து, தம் வாழ்வின் துயரங்களை முயன்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா உட்காரவில்லை. அவளால் ஓரிடத்தில் அமர இயலாது. என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் என்னை நடத்தினாள். "எப்படா போவோம் தம்பி? அடுப்புல என்னமோ வெச்சிருக்கேன்." இதோ போய்விடலாம் என்றேன். மறுமுனையை அடைந்ததும் அதையே கேட்டாள்.

நிறத் தேர்வு அறையில் நிற ஆலோசகர் இருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் அளவுநாடாபோல நிறத்துணிகள் தொங்கின. எங்களைச் சுற்றி இரண்டு முறை வந்து, மூக்கால் நீண்ட மூச்சு விட்டார்.

"உங்க குடும்பம் கத்துது சார்."

"யாரும் வாயே திறக்கவில்லையே?"

"கலர் கத்துது. சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். யாரைப் பாக்கறதுன்னு கண்ணுக்குத் தெரியல. நல்ல படத்துல யாரையும் தனியாப் பாக்கத் தோணக் கூடாது. அதான் கலை."

நான் அவரிடம் எங்கள் நிலையை முறையாக, எழுவாய் பயனிலை பிறழாமல் எடுத்துரைத்தேன். இந்தப் படம் இவளுக்காக. இவள் உடையை வைத்துத்தான் எங்களை அறிவாள். உடை மாறினால் படம் எடுத்தும் பயனில்லை. அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையசைத்தார்.

"புரியுது சார். அது ஞாபகப் பிரச்சினை. இங்க ஞாபகத்துக்கு ஆள் இல்ல. நான் கலர் மட்டும்தான்."

பிறகு எங்களுக்கு மணல் நிறம் விதித்தார். எனக்கு ஈரமணல், தம்பிக்கு உலர்மணல், மனைவிக்கு மாலைமணல். மூன்றையும் அடுத்தடுத்து விரித்துக் காட்டினார். மூன்றும் ஒரே துணியில் வெட்டியவை என்று நான் சாதித்தேன். அவர் புண்பட்டார். "சார், உங்களுதுல ஒரு பொறுப்பு தெரியுது பாருங்க" என்றார்.

"இவரு பொறுப்பு எனக்குத் தெரியாதா?" என்றாள் என் மனைவி. "எனக்கு எதுக்குங்க மாலைமணல்?"

"நீங்க துணை நிறம் மேடம். சார் முதன்மை நிறம். முதன்மையத் தூக்கிக் காட்டறதுதான் துணையோட வேலை."

"இத்தன வருஷமாத் தூக்கிக் காட்டி எனக்குத் தோள் வலிதான் மிச்சம். அவரையே துணையாப் போடுங்க."

மருமகனின் பங்கு இன்னும் மோசம். அவருக்குத் 'தூரமணல்' கொடுத்து, "நீங்க பின்னணி" என்றார் ஆலோசகர். "சுவர் மாதிரி நில்லுங்க. முகபாவம் எதுவும் வேணாம்."

"மாமா, இவரு என்னைச் சுவர்ங்கறாரு" என்றார் மருமகன், என்னிடம் முறையிட்டு.

"மாப்ள, இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொன்னேன்ல" என்றான் தம்பி, அவர் தோளைத் தட்டி. "சுவரா இருந்தா ஆணி மட்டும்தான் அடிப்பாங்க. வாயத் திறந்தா வீடே இடிஞ்சு விழும்."

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "சித்தப்பா, சும்மா இருங்க. அப்பா, இப்ப என்ன பண்றது? திங்கட்கிழமை அத்தை போறாங்க. இன்னிக்கு விட்டா படமே இல்ல."

அக்காவுக்கும் ஒரு மணல் அங்கி நீட்டினார்கள். அவள் அதை வாங்கி, மேசைமேல் விரித்து, கழுத்துப்பட்டியைத் திருப்பி, தையலை நகத்தால் நெருடி, முகர்ந்தும் பார்த்தாள். கடைக்காலத்து நிமிர்வு ஒரு கணம் அவள் முதுகில் வந்து நின்றது. "இது வாடகைத் துணி" என்றாள் ஆலோசகரிடம். "பல பேரு வேர்வை இருக்கு. ஒழுங்காத் தொவைக்கல. எங்க கடையில இத வாங்கவே மாட்டோம்." அங்கியை மடித்து அவர் கையிலேயே திணித்தாள். அந்த வளாகத்தில் அன்று நான் கேட்ட ஒரே தொழில்முறைக் கருத்து அதுதான். அவளுடைய வெளிர்நீல உடை மணலோடு 'ஓரளவு உறவு கொள்ளும்' என்று ஆலோசகர் விட்டுக்கொடுத்தார்.

மேலிடத்தில் முறையிட விரும்பினேன். நிலையத்தின் இயக்குநரிடம் அழைத்துச் சென்றார்கள். வெண்கம்பள அறை. அவர் மேசைக்குப் பின்னே, சுவர் நிறைய அவர் குடும்பப் படம், அனைவரும் இளம்பச்சை.

"உக்காருங்க ஐயா" என்றார், கைகளை விரித்து. "உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. குடும்பம்னா என்ன? நாலு பேரு, நாலு தெசை. அத ஒரு கலர்ல கொண்டுவந்து நிறுத்தறோம் பாருங்க, அதுதான் எங்க சேவை. இந்தப் படத்தப் பாருங்க. இது நான், இது எங்க அண்ணன். நாங்க பேசி எத்தனையோ வருஷம் ஆச்சு. கோர்ட்டுல வழக்கு நடக்குது. அவரு கை என் தோள்மேல இருக்கு பாருங்க, அதுக்கு முந்தின நாள்தான் எனக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாரு. படத்துல தெரியுதா?"

"தெரியவில்லை."

"தெரியாது! அதான் இளம்பச்சை."

"தங்கள் அம்மா எங்கே?"

"அம்மாவுக்கு இளம்பச்சை எடுக்கல. வெளிய உக்கார வெச்சோம். படம் அருமையா வந்தது. அவங்களே பாத்துட்டு, 'நான் இல்லாம நல்லாத்தான் இருக்கு'ன்னு சொன்னாங்க." அவர் குரல் நெகிழ்ந்தது. "அந்த மனசு யாருக்கு வரும்?" பிறகு முன்னே சாய்ந்து, தாழ்ந்த குரலில் ஓர் ஆலோசனை சொன்னார்: "நீங்களும் அந்தம்மாவ விட்டுட்டு எடுத்துக்கலாமே. ரொம்பச் சுத்தமா வரும்."

"ஐயா, படமே அவளுக்காகத்தான்."

"அப்ப சரிதானே? பாக்கப் போறவங்க அவங்க. பாக்கறவங்க படத்துக்குள்ள எதுக்கு?"

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ தவறான விடைகளைத் திருத்தியிருக்கிறேன். எந்த இடத்தில் சிவப்பு மையை வைப்பதென்றே தெரியாத விடையை அன்றுதான் சந்தித்தேன். எழுந்து வந்துவிட்டேன்.

வெளியே, அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் முறை நெருங்குகிறது என்று உள்ளிருந்து குரல் வந்தது. நான் பணிந்தேன். 'எப்படியும் முகம் இருக்கிறதே, நாள்தோறும் பார்த்தால் பழகிவிடாதா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒவ்வொருவராக உடை மாற்றப் போனோம். கழற்றிய உடைகளை, உருளை வைத்த ஒரு கம்பியில் மாட்டி, தாழ்வாரத்தில் தள்ளி நிறுத்தினார்கள். கடைசியாக என் முறை வந்தது. என் கையிலிருந்து அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, "இதோ வந்துடறேன்க்கா" என்று உள்ளே போனேன்.

வெளியே வந்தபோது, மணல் நிறத்தில் ஐவர் நின்றோம். அக்கா எங்களை ஊடுருவிப் பார்த்தாள். எங்களுக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தாள். "இங்க என் தம்பி இருந்தானே, கட்டம் போட்ட கோட்டு. பாத்தீங்களா?" என்று என்னிடமே கேட்டாள்.

"அக்கா, நான்தான்."

"நீங்க இங்க வேலை பாக்கறவரு. என் தம்பியக் கேக்கறேன்."

"அண்ணி, என்னைப் பாருங்க" என்றாள் மனைவி. மகள் "அத்தை" என்றாள். மணல் நிறத்தவர் ஐந்து பேர் சூழ்ந்துகொண்டதும் அக்கா மிரண்டு, எங்கள் நடுவே புகுந்து தாழ்வாரத்தில் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்துப் பல ஆண்டுகள் ஆயின. நாங்கள் பின்தொடர்ந்தோம், அது அவளை இன்னும் விரட்டியது.

உடைக் கம்பியின் முன் நின்றாள். நின்றதும் அவள் தோள்கள் இறங்கின. "இங்கதான் நிக்கறீங்களா எல்லாரும்?" என்றாள். "எங்கெல்லாம் தேடறது?" என் கோட்டின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தாள், பொத்தானை மாட்டினாள். ஸ்வெட்டரின் கையைப் பிடித்து, "சின்னவனே, சாப்பிட்டியாடா?" என்று கேட்டாள்.

"அக்கா, சின்னவன் நான்தான். இங்க பாருக்கா." தம்பியின் குரலில் அன்று முதன்முறையாக நையாண்டி இல்லை.

அவள் விரலை உதட்டில் வைத்தாள். "மெதுவாப் பேசுங்க. எங்க வீட்டாளுங்க காலையிலேர்ந்து நின்னு களைச்சுப் போயிருக்காங்க."

தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

போதும், உடைகளைக் கொடுங்கள், போகிறோம் என்றேன். உடைக் காப்பாளர் எழுந்து நின்று மறுத்தார். படம் எடுத்து, இணக்கச் சான்று கிடைத்த பிறகே சொந்த உடை திரும்பும். இடையில் கொடுத்தால் 'குடும்பம் கலைந்துவிடும்' என்பது விதி. "போன வாரம் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துட்டேன் சார். படம் எடுக்காமலே சிரிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க. எனக்கு மெமோ" என்றார். அவர் கண்ணில் உண்மையான அச்சம் இருந்தது.

ஆகவே படம் எடுத்தோம். அக்கா கம்பியை விட்டு வர மறுத்ததால், படம் எடுப்பவர் ஒரு வழி கண்டார்: கம்பியையே உருட்டிக்கொண்டுவந்து, படச் சட்டகத்துக்குச் சற்று வெளியே, இடப்பக்கம் நிறுத்தினார். அக்கா நடுவில் நின்றாள். நாங்கள் ஐவரும் அவளைச் சுற்றி, சொல்லிக்கொடுத்த கோணத்தில் தாடையை உயர்த்திக் கருவியைப் பார்த்தோம். அக்கா இடப்பக்கம் திரும்பி, தன் வீட்டாரைப் பார்த்து, முகமெல்லாம் மலரச் சிரித்தாள். விளக்கு மின்னியது. "அடடா!" என்றார் படம் எடுப்பவர். "இந்த மாதிரி அன்பு வராதுங்க, சொல்லிக்கொடுத்தாலும் வராது!" ஆலோசகர் கைதட்டினார். இயக்குநர் தம் அறையிலிருந்து எட்டிப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

திங்கட்கிழமை அப்படத்தைக் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். அன்று எங்கள் உடைகளில் போயிருந்தோம். அக்கா எங்களை எல்லாம் அறிந்தாள். படத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துவிட்டுச் செவிலியைக் கூப்பிட்டாள்.

"இவங்க ஏதோ ஆபீஸ் ஆளுங்க போல. நடுவுல நிக்கற அம்மா நல்ல மாதிரி. யாரையோ பாத்து என்னமா சிரிக்குது பாருங்க! அவங்களையும் சேத்து எடுத்திருக்கலாம்ல?"

செவிலி என்னைப் பார்த்தார். நான் சாளரத்தைப் பார்த்தேன்.

அடுத்து வந்த காலைகளில் அக்கா விழித்ததும் அலறுவதாகச் செவிலி சொல்லியனுப்பினார். சுவரில் இருக்கும் அந்நியர் கூட்டம் இரவெல்லாம் தன்னைக் காவல் காப்பதாக நினைக்கிறாளாம். படத்தை இறக்கிவிட்டு, அந்த ஆணியில் என் கோட்டை மாட்டிவிட்டு வந்தேன். அலறல் நின்றது. ஆனால் இப்போது நான் கோட்டில்லாமல் செல்ல வேண்டியிருக்கிறது. அவள் என்னை மரியாதையாக நாற்காலியில் அமரச் சொல்லி, சுவரைக் காட்டுகிறாள். "அவன் என் தம்பி. வாத்தியார். நொய்நொய்னு பேசுவான், ஆனா நல்லவன். ஒரு நாளும் என்னை விட்டுட்டுப் போனதில்ல." எனக்கு என்னை அவள் அறிமுகம் செய்துவைக்கிறாள். நானும் வணக்கம் சொல்கிறேன். ஒரு நாள் அதை எடுத்து அணிந்துகொள்ளக் கை நீட்டினேன். "என் தம்பிமேல கை வெக்காதீங்க!" என்று அவள் எழுந்த வேகத்தில், பக்கத்து அறையிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

அந்த நிலையமோ எங்கள் படத்தை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கித் தன் முகப்புக் கண்ணாடியில் வைத்திருக்கிறது. கீழே, 'தன் குடும்பத்தைக் கண்ட பேரானந்தம்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தத் தொடரில் பிழை எதுவும் இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை, பொருட்பிழையும் இல்லை. அதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அதை அகற்றும்படி மும்முறை நேரில் சென்று கேட்டேன். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நாள்தோறும் குடும்பங்கள் மணல் நிறம் கேட்டு வருவதாக இயக்குநர் மகிழ்ச்சியோடு தெரிவித்தார். வரிசை இப்போது தெருமுனைவரை நிற்கிறது.

வாசகரே, அந்த வரிசையில் நீங்களும் ஒரு நாள் நிற்கக்கூடும். நின்றால், உங்கள் முறை வருமுன் முகப்புக் கண்ணாடிக்கு அருகே செல்லுங்கள். மணல் நிறத்தில் நிற்கும் எங்கள் ஐவரை விட்டுவிடுங்கள். நடுவில் இருப்பவளின் கண்களைப் பாருங்கள். பார்த்துவிட்டு, நீங்கள் வந்த உடையிலேயே உள்ளே நுழைந்து, இயக்குநர் முதல் உடைக் காப்பாளர்வரை ஒருவர் விடாமல், உரத்த குரலில், விடை வரும்வரை கேளுங்கள்: இந்த அம்மாள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள்?